பூச்சுக்கு முன் மூசையைப் பாருங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி பொறியியல் கல்லூரிகளுக்கும் ஓசூர் பட்டறைகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே, மாணவர்களே, பட்டறை உரிமையாளர்களே,

வணக்கம்.

முறிந்த எலும்பில் பொருத்தும் ஸ்டீல் தகட்டையும் டைட்டானியம் திருகாணியையும் வெளியே எடுக்கப் பலருக்கு இரண்டாவது அறுவை தேவைப்படுகிறது. மெக்னீசியத் திருகாணி எலும்பு கூடும்வரை தாங்கிப் பிடித்து, பிறகு உடலுக்குள்ளேயே கரைந்துவிடும். அதன் விறைப்பும் எலும்புக்குக் கிட்டத்தில் நிற்கிறது: மெக்னீசியம் ஏறக்குறைய 45 ஜிகாபாஸ்கல், டைட்டானியக் கலவை 110, ஸ்டீல் 190. ஜெர்மனியின் மேக்னெசிக்ஸ் திருகாணிக்கு 2013இலேயே ஐரோப்பாவில் விற்பதற்கான சிஇ முத்திரை கிடைத்தது. ஆகவே இதை ஆய்வுத் தலைப்பாக எடுப்பவர்களைப் பாராட்டுகிறோம்.

ஆனால் இத்தலைப்பை எடுத்ததும் எல்லோருடைய கையும் முதலில், கரைவதை மெதுவாக்க உலோகத்தின் மேல் போடும் பூச்சுக்குத்தான் போகிறது. உலோகம் எவ்வளவு சுத்தம், சோதனைத் திரவம் எது என்ற இரண்டையும் கேட்காமல் போடும் பூச்சு, ஓதம் ஏறிய சுவருக்கு அடிக்கும் வெள்ளை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

மெக்னீசியம் நீரோடு சேர்ந்தால் ஹைட்ராக்சைடும் ஹைட்ரஜன் வாயுவும் உண்டாகும். உடல் வெப்பத்தில் 1 மில்லிகிராம் உலோகத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிலிட்டர் வாயு. 100 மில்லிகிராம் திருகாணி முழுதும் கரைந்தால் 100 மில்லிலிட்டர். மெல்லக் கரைந்தால் உடல் அதை ஏற்று வெளியேற்றிவிடும். வேகமாகக் கரைந்தால் தோலுக்கடியில் வாயு கட்டும், எலும்பு கூடும் முன்பே தகடு உடையும். 1906இல் லாம்போட் என்ற பெல்ஜிய அறுவை மருத்துவர் மெக்னீசியத் தகட்டைத் தங்க முலாம் பூசிய எஃகு ஆணிகளால் ஒரு சிறுவனின் காலில் பொருத்தினார். எட்டே நாளில் தகடு சிதைந்து வாயு திரண்டது. ஒரே ஈரத்தில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டதால் வந்த மின்வேதி அரிப்பு அது. மாதிரித் துண்டை ஸ்டீல் கிளிப்பிலோ செம்புக் கம்பியிலோ தொங்கவிட்டால் குவளைக்குள்ளும் அதுதான் நடக்கும். நைலான் நூலில் கட்டுங்கள்.

இதே சண்டை உலோகத்துக்குள்ளும் நடக்கிறது. இரும்பு, நிக்கல், செம்பு, கோபால்ட் ஆகியவற்றின் துகள் ஒவ்வொன்றும் சுற்றியுள்ள மெக்னீசியத்தைத் தின்னவைக்கும். வார்த்த சுத்த மெக்னீசியத்தில் இரும்பு சுமார் 170 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 170 பங்கு) தாண்டினால் அரிப்பு வேகம் படிப்படியாகக் கூடுவதில்லை, ஒரேயடியாக எகிறுகிறது. நிக்கலுக்கு அந்த எல்லை 5 பிபிஎம் அளவுதான். வார்ப்பைப் பிறகு நீண்ட நேரம் சூடாக்கினால் இரும்பு தனித் துகளாகப் பிரிந்து, அதன் எல்லை இன்னும் வெகுவாக இறங்கும்.

இரும்பும் நிக்கலும் பெரும்பாலும் உலோகத்தை உருக்கும் பாத்திரமான மூசையிலிருந்துதான் வருகின்றன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுத்தமானது என்று நம்பி 304 ரக மூசையில் உருக்குவது இதில் ஆகப் பெரிய தவறு, ஏனென்றால் உருகிய மெக்னீசியம் நிக்கலை எளிதாகக் கரைத்துக்கொள்ளும். நிக்கல் இல்லாத எஃகு மூசையே பரவாயில்லை. உட்புறம் போரான் நைட்ரைடு பூசிய சுத்தக் கிராஃபைட் மூசை அதைவிட நல்லது. களிமண் கலந்த கிராஃபைட் மூசை வேண்டாம், அதிலுள்ள சிலிக்காவை மெக்னீசியம் தாக்கும். வெப்பம் ஏற ஏற இரும்பு அதிகம் கரையும் என்பதால் தேவைக்கு மேல் சூடாக்காதீர்கள். கலவையில் மாங்கனீசு சேர்த்து, ஊற்றும் முன் வெப்பத்தைக் குறைத்துச் சிறிது நேரம் நிறுத்தினால் இரும்பின் ஒரு பகுதி அதோடு சேர்ந்து அடியில் தங்கும். அந்த அடிவண்டலை ஊற்றிவிடக் கூடாது. வார்ப்பாலைகளில் கிடைக்கும் ஸ்பெக்ட்ரோ ரிப்போர்ட்டில் 5 பிபிஎம் நிக்கல் நம்பகமாகத் தெரியாமல் போகலாம். ஐசிபி என்ற நுண்ணளவு வேதிப் பகுப்பாய்வு முறையில் அளந்து வாங்குங்கள்.

கலவைத் தேர்வு பற்றிச் சுருக்கமாக. அலுமினியமும் துத்தநாகமும் சேர்ந்த மெக்னீசியக் கலவைகளான ஏஇசட்31, ஏஇசட்91 எளிதில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றிலுள்ள அலுமினியம் உடலுக்குள் விடத் தகுந்ததல்ல. முறையைப் பழக மட்டும் அவற்றை வைத்துக்கொள்ளலாம். உடலுக்கு ஏற்ற துத்தநாக–கால்சியக் கலவைகளில் மெலிந்ததே நல்லது, இரண்டும் 0.45 சதவீதம் மட்டுமே உள்ள இசட்எக்ஸ்00 இதற்கு எடுத்துக்காட்டு. கால்சியத்தை 1 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் உலோகத்தின் படிக மணிகள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில் கால்சியம் செறிந்த சேர்மம் படிந்து, அதுவே முதலில் கரையும். பக்கத்துச் சேலத்தில் மேக்னசைட் கொட்டிக் கிடக்கிறதே என்று கேட்கலாம். அது கார்பனேட் தாது, உலைச் செங்கல்லுக்குப் போவது. அதிலிருந்து மருத்துவத் தரத்தில் உலோகம் எடுப்பது தனித் தொழில்.

பட்டறைக்காரர்களுக்கு: எஃகு கடைந்த லேத்திலேயே மெக்னீசியத்தைக் கடைந்தால், சுத்தமான கம்பியின் மேலும் இரும்புத் துகள் பதியும். எஃகுக் கம்பித் தூரிகை, பழைய அரம், பலமுறை சுழன்ற பிளாஸ்டிங் மணல் மூன்றையும் ஒதுக்குங்கள். கூரான கார்பைடு முனையால் உலர்வாகவோ மினரல் ஆயில் விட்டோ கடையுங்கள். தண்ணீர் கலந்த கூலன்ட் வேண்டாம், அதில் நனைந்த பிசிறு ஹைட்ரஜன் விடும். பிசிறு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் உதவாது. உலோகத் தீக்கான டி வகைத் தீயணைப்புத் தூளையோ நன்கு காய்ந்த மணலையோ எட்டும் தூரத்தில் வையுங்கள். கடைசலுக்குப் பின் அசிட்டிக் அமிலத்தில் சில மைக்ரான் மேற்பரப்பைக் கரைத்தெடுத்தால் பதிந்த இரும்பு போய்விடும். இந்த ஒரு படியே அரிப்பை எவ்வளவு குறைக்கிறது என்பதைப் பூச்சுக்கு முன் அளந்து பாருங்கள்.

இனி சோதனைத் திரவம். போர்வெல் தண்ணீரில் உப்பைக் கரைத்துச் சோதனை செய்யாதீர்கள். நம் இரு மாவட்டத்து நிலத்தடி நீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் மிகுதி, பல ஊர்களில் ஃபுளோரைடும் உண்டு. இவை மெக்னீசியத்தின் மேல் படிந்து மறைப்பதால் அரிப்பு குறைந்ததாகக் காட்டும். கோடையில் ஒரு கணக்கு, மழைக்குப் பின் வேறு கணக்கு வரும். அயனி நீக்கிய நீரில் ஏர்ல்ஸ் உப்புக் கரைசலோ செல் வளர்ப்பு ஊடகமோ தயாரித்து, 37 டிகிரியில் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரில் வையுங்கள். ரத்தப் பிளாஸ்மாவில் பைகார்பனேட் லிட்டருக்கு 27 மில்லிமோல், உடல் திரவத்துக்குப் பதிலாகப் பலரும் பயன்படுத்தும் எஸ்பிஎஃப் என்ற செயற்கைக் கரைசலில் வெறும் 4.2. குளோரைடோ அதில் பிளாஸ்மாவைவிட அதிகம். எஸ்பிஎஃப் தரும் எண்ணை உடலின் எண்ணாக எழுதக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

திரவத்தின் அளவும் முக்கியம். 12 மில்லிமீட்டர் விட்டம், 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள வட்டுக்குப் பரப்பு 3.4 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தது 20 மில்லிலிட்டர் என்றால் 68 மில்லிலிட்டர் வேண்டும். சிறு குவளையில் மாற்றாமல் விட்டால் பிஎச் 10ஐத் தாண்டி, ஹைட்ராக்சைடு படலம் கரையாமல் தங்கிவிடும். மாதிரி பளபளவென்று இருக்கும், பூச்சுக்குப் பெயர் கிடைக்கும். உடலிலோ பிஎச் 7.4ஐ விட்டு அதிகம் விலகாது. ஆகவே பிஎச்சைத் தினமும் குறித்து, திரவத்தை மாற்றுங்கள்.

அரிப்பு ஆண்டுக்கு 0.5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் இலக்கு. அந்த வேகத்தில் மேற்சொன்ன வட்டு 14 நாளில் இழப்பது சுமார் 11 மில்லிகிராம். 10 மில்லிகிராம் படியாகக் காட்டும் தராசு இதற்கு உதவாது, 0.1 மில்லிகிராம் காட்டுவது வேண்டும். அரிப்புப் படிவை லிட்டருக்கு 200 கிராம் குரோமியம் ட்ரைஆக்சைடு, 10 கிராம் வெள்ளி நைட்ரேட் கரைசலில் கழுவி, சோதனைக்குப் போடாத ஒரு வட்டையும் அதேபோல் கழுவி அதன் இழப்பைக் கழியுங்கள். அக்கரைசல் புற்றுநோய் தரக்கூடியது. கையுறை, புகைக்கூண்டு கட்டாயம், கழிவைச் சாக்கடையில் விடக் கூடாது. குப்புறக் கவிழ்த்த பியூரெட்டில் சேரும் வாயு 12 மில்லிலிட்டர் அளவில் வந்தால் இரண்டு அளவும் ஒத்துப்போகின்றன. மின்னழுத்தத்தை மாற்றி மின்னோட்டத்தை அளந்து வரையும் டாஃபல் வளைகோட்டிலிருந்து மட்டும் எடுத்த அரிப்பு வேகத்தை மெக்னீசியத்துக்கு நம்ப வேண்டாம். செல் நச்சுச் சோதனையில், உயிருள்ள செல் மட்டுமே நிறம் மாற்ற வேண்டிய எம்டிடி சாயத்தை மெக்னீசியமே நிறம் மாற்றி, செத்த செல்லையும் உயிருள்ளதாகக் காட்டும்.

இத்தனைக்கும் பிறகுதான் பூச்சு. கரைசலுக்குள் உயர் மின்னழுத்தம் கொடுத்து வளர்க்கும் பிளாஸ்மா மின்பகு ஆக்சைடு உறுதியானது, ஆனால் துளை நிறைந்தது. துளையை அடைக்காவிட்டால் சில நாளில் அடியில் அரிக்கும். கால்சியம் பாஸ்பேட் படிவு எலும்புக்கு உகந்தது, எளிய கருவி போதும். கல்லூரிகள் இதில் தொடங்கலாம்.

ஃபுளோரைடு பூச்சை மட்டும் இங்கே செய்யாதீர்கள் என்று வற்புறுத்திக் கேட்கிறோம். 40 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் மெல்லிய, நல்ல படலம் கிடைக்கும், உண்மைதான். அந்த அமிலம் தோலில் பட்டால் உடனே வலிக்காமலே உள்ளே இறங்கி, ரத்தத்தின் கால்சியத்தைக் கட்டி இதயத்தை நிறுத்தக்கூடும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாத இடத்தில் அந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது. கழிவைச் சுண்ணாம்பு போட்டு முறித்தாலும் கால்சியம் ஃபுளோரைடின் கரைதிறன் காரணமாக லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஃபுளோரைடு தெளிநீரில் மிஞ்சும். குடிநீருக்கு இந்தியத் தரம் அனுமதிக்கும் உச்சம் 1.5. பல்லிலும் எலும்பிலும் ஃபுளோரைடின் பாதிப்பைச் சுமக்கும் ஊர்களுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்த மண்ணுக்குள் இன்னொரு துளி ஃபுளோரைடு இறங்கக் கூடாது.

ஆய்வேடுகளில் இவற்றை எழுத வேண்டுமென்று துறைத்தலைவர்கள் கட்டாயமாக்குங்கள்: இரும்பு, நிக்கல், செம்பு எத்தனை பிபிஎம், எந்த மூசை, எந்தத் திரவம், பரப்புக்கு எவ்வளவு, நாள்வாரி பிஎச், குறைந்தது மூன்று மாதிரிகளின் தனித்தனி எண்கள். பூச்சில்லாத மாதிரியின் எண்ணும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
மெக்னீசிய உலோகவியலில் ஈடுபட்டுள்ளோர்,
ஓசூர்.