ரப்பர் ஸ்டாம்ப்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் பேசும்போது, "ஜனாதிபதின்னா வெறும் ரப்பர் ஸ்டாம்ப்தானேப்பா" என்று சிரித்தாய். முப்பத்தோரு வருஷம் தபாலாபீசில் முத்திரை குத்தினவனிடம் சொல்கிற பேச்சா இது? எங்கள் முத்திரை இரும்பு. காலையில் தேதியை மாற்றிவிட்டுத்தான் முதல் குத்தே விழும்.

சட்டம் படிக்கிறவள் நீ, தப்பிருந்தால் திருத்து. அமைச்சரவை சொல்கிறபடிதான் ஜனாதிபதி நடக்க வேண்டும் என்று 1950இல் அரசியல் சாசனத்தில் பச்சையாக எழுதி வைக்கவில்லை. மரபு பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். முதல் ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் சும்மா இருப்பாரா? இந்துச் சட்ட மசோதாவில் தன் சொந்த முடிவுப்படி நடப்பேன் என்று 1951இல் நேருவுக்கு எழுதினார். நேரு, சாசனத்தை எழுதினவர்களில் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரைக் கேட்டார். முடியாது என்று பதில் வந்தது.

1975 ஜூன் 25 ராத்திரி அவசரநிலைக்கு அப்போதைய ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது கையெழுத்துப் போட்டபோது அமைச்சரவை கூடக்கூட இல்லை. விடிந்த பிறகுதான் அமைச்சர்களுக்கே சொன்னார்கள். அடுத்த வருஷம் 42ஆவது திருத்தம், சொன்னபடிதான் நடக்க வேண்டும் என்று எழுத்திலேயே கட்டிப்போட்டது. ஜனதா ஆட்சியில் 44ஆவது திருத்தம் கொஞ்சம் தளர்த்தியது. ஒரு தடவை திருப்பி அனுப்பி, மறுபடி யோசியுங்கள் எனலாம். அவ்வளவுதான்.

ஆனால் மசோதாவில் கையெழுத்துப் போட இத்தனை நாள் என்று 111ஆவது பிரிவில் கெடு கிடையாது. அந்தச் சந்தில்தான் எங்கள் இலாகா மசோதா போய் மாட்டியது. 1986. சந்தேகப்பட்ட தபாலைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு 1898ஆம் வருஷச் சட்டத்தில் இருந்ததைவிட அதிகமாகவே இடம் கொடுக்கிற மசோதா. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "ஒட்டின கவர் பொண்டாட்டி மாதிரிடா, அடுத்தவன் தொடக்கூடாது" என்று எங்கள் போஸ்ட்மாஸ்டர் அன்றைக்குக் கத்தினார். (உவமை உனக்குப் பிடிக்காது, தெரியும். அவர் அப்படித்தான்.)

அப்போது ஜனாதிபதி ஜெயில் சிங். இந்திரா சொன்னால் துடைப்பம் எடுத்துப் பெருக்குவேன் என்று சொன்ன மனுஷன். ரப்பர் ஸ்டாம்ப் என்று ஊரே சிரித்தது அவரைத்தான். அவர் அந்த மசோதாவில் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. பேசாமல் வைத்துக்கொண்டார். 1987இல் பதவியை விட்டுப் போகும்வரை அது அப்படியே கிடந்தது. கடைசிவரை சட்டமாகவே இல்லை. பிரதமர் ராஜீவோடு இருந்த கசப்பில் செய்தார் என்பார்கள். இருக்கட்டுமே, கடிதங்கள் பிழைத்தன.

2023இல் புதுத் தபால் சட்டம் வந்தது. ஒன்பதாவது பிரிவைப் படித்துப் பார், தபாலைப் பிரிக்கும் அதிகாரம் அங்கே உட்கார்ந்திருக்கிறது. மக்களவையில் நிறைவேறி ஒரு வாரத்துக்குள் ஜனாதிபதி கையெழுத்து விழுந்துவிட்டது.

பருப்புப்பொடி தனியாகப் பார்சலில் வருகிறது. இந்தக் கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். கவர் ஒட்டினபடியே வந்து சேர்ந்ததா என்று போன் பண்ணு.

அப்பா