டார்ச் வெளிச்சத்தைத் தரையில் அடித்த சிஸ்டருக்கு

மனநல வார்டிலிருந்து வீட்டுக்கு வந்து ஐந்து நாள் ஆகிறது. நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் ஆறிப்போவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் நைட் டூட்டி சிஸ்டர், உங்களுக்கு. சேர்ந்த முதல் வாரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்னை வந்து பார்க்க வேண்டும் என்று உத்தரவு. இரவிலும்தான். காரணம் புரிகிறது. ஆனால் கண் அசருகிற நேரத்தில் முகத்தில் டார்ச் அடித்தால் திருட்டுப் பிடிபட்ட மாதிரி இருக்கும். (குறை சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குறையும்தான்.) நீங்கள் மட்டும் வெளிச்சத்தைத் தரையில் விழவிட்டு, போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பீர்கள். அது தெரியும்வரை வாசலிலேயே நிற்பீர்கள்.

மூன்றாம் இரவோ நான்காம் இரவோ, தூக்கம் வராமல் கிடந்தவள் போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டினேன், இருக்கிறேன் என்று. நீங்களும் கையைத் தூக்கிவிட்டுப் போனீர்கள். ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் தினமும் அதுதான். பகலெல்லாம் கேள்விகள்: தூங்கினாயா, குரல் கேட்கிறதா, தப்பான எண்ணம் வருகிறதா. கேட்கத்தான் வேண்டும். உங்களிடம் மட்டும் நான் எதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மனநிலையைச் சீராக வைக்கிற லித்தியம் மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ஏன் ரத்தம் எடுக்கிறார்கள் என்று பொறுமையாக விளக்கிய பகல் டூட்டி அண்ணன், ‘பத்து நிமிஷத்துல வர்றேன்’ என்று சொல்லிப் பத்தே நிமிடத்தில் வந்த பயிற்சி மாணவி, சார்ஜர் வயரை வாங்கி வைக்கும்போது ‘கோவிச்சுக்காதம்மா’ என்றவர், அம்மாவிடம் சொல்வதை என் முன்னாலேயே சொன்னவர்: எல்லோருக்கும் நன்றி.

மாத்திரையை இந்த முறை நானாக நிறுத்த மாட்டேன். சத்தியமெல்லாம் இல்லை, இந்த வாரத்துக்குச் சொல்கிறேன்.

டிஸ்சார்ஜ் அன்று உங்களுக்கு விடுப்பு சிஸ்டர், சொல்லிக்கொள்ளாமலே வந்துவிட்டேன். அடுத்த வாரம் லித்தியம் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கக் காலை எட்டு மணிக்கு வருகிறேன். உங்கள் டூட்டி முடிகிற நேரம். உடனே கிளம்பிவிடாதீர்கள், வாசலில்தான் நிற்பேன்.