தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் மீத்திறன் மாணவர்களைக் கண்டறிய வேண்டிக் கோரிக்கை மனு

பெறுநர்:
தமிழ்ப்பள்ளிகளுக்குப் பொறுப்பான உதவி இயக்குநர் அவர்கள்,
பேராக் மாநிலக் கல்வி இலாகா, ஈப்போ.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர்கள் நாங்கள். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களும் ஈப்போ தொழிற்சாலைகளுக்குப் போய் வருபவர்களும் எங்களில் இருக்கிறார்கள். கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் இரண்டாம் ஆண்டு வகுப்பில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும், ஒருவர் விடாமல், அவரவர் பள்ளியிலேயே மீத்திறன் சோதனை, அதாவது வயதை மிஞ்சிய அறிவுத்திறன் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை, நடத்தித் தர வேண்டும். யாராவது பரிந்துரைத்த பிள்ளைக்கு மட்டும் என்று அதை வைத்துவிடக் கூடாது.

சிலாங்கூரிலுள்ள பாங்கி நகரில், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் மீத்திறன் மாணவர்களுக்கான தேசிய மையம் இருப்பதை நாங்கள் அறிவோம். 2009இல் பெர்மாத்தா பிந்தார் என்ற பெயரில் விடுமுறை முகாமாகத் தொடங்கியது, இன்று ஜீனியஸ் பிந்தார் என்ற பெயரில் கல்லூரியாகவே நடக்கிறது. நல்ல திட்டம், அதில் எங்களுக்குக் குறையே இல்லை. ஆனால் அந்த வாசலுக்குப் போவது பெற்றோர் கையில் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பது தெரிய வேண்டும், தன் பிள்ளை அதற்குத் தகுதியானவன் என்று தோன்ற வேண்டும், இணையத்தில் பதிய வேண்டும். விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் அணிவகுப்புக்கு, கிளம்பும் ஓர் அம்மாவுக்கு இதெல்லாம் யார் சொல்வது? பாங்கி இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அதைவிடத் தூரம், அது தன் பிள்ளைக்கும் உரியது என்ற எண்ணம்.

ஆசிரியர்கள் கவனித்துச் சொல்லலாமே என்று தாங்கள் நினைக்கலாம். பலர் சொல்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. ஆனால் மீத்திறன் என்பது எப்போதும் நல்ல மதிப்பெண்ணாகவோ நல்ல நடத்தையாகவோ தெரிவதில்லை. மாணவர் மிகக் குறைந்த தோட்டப் பள்ளிகளில் இரண்டு ஆண்டு வகுப்புகளைச் சேர்த்து ஒரே அறையில் பாடம் நடத்துகிறார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு பையன், தன் பாடத்தை அரைகுறையாக விட்டுவிட்டு அடுத்த வரிசையில் நடக்கும் மேலாண்டுக் கணக்கை மனத்துக்குள் போட்டுக்கொண்டிருப்பான். விடையையும் முந்திக்கொண்டு சொல்லிவிடுவான். அவனுக்குக் கிடைத்த பெயர் வாலு. இன்னொரு பக்கம், எல்லாம் புரிந்தும் வாய் திறக்காத பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். யாருக்கும் தொந்தரவு இல்லாததால் அவர்களை யாரும் கவனிப்பதும் இல்லை. அப்புறம், எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறினாலும் படம், வடிவம், இயந்திரம் என்றால் பெரியவர்களையே மிஞ்சும் பிள்ளைகள். இவர்களைப் பின்தங்கியவர்களுக்கான குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்புகிறோம். அந்த உதவி அவர்களுக்கு வேண்டியதுதான். ஆனால் அவர்களுடைய மற்றப் பாதியை யாரும் பார்ப்பதில்லை.

ஆறாம் ஆண்டு முடிவில் நடந்த யூ.பி.எஸ்.ஆர் தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டதற்கு நாங்கள் வருந்தவில்லை. இப்போதுள்ள வகுப்பறை மதிப்பீட்டில் அடைவு நிலை ஆறுதான் உச்சம். அந்தந்த ஆண்டின் பாடத்தை எவ்வளவு நன்றாகக் கற்றான் என்பதை அது சொல்லும். இரண்டாம் ஆண்டுப் பிள்ளை நான்காம் ஆண்டுப் பாடத்துக்குத் தயாரா என்பதைச் சொல்ல அதில் இடமே இல்லை.

எல்லாப் பிள்ளைகளையும் சோதித்தால் என்ன மாறும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள புரோவார்ட் மாவட்டம் நல்ல சான்று. அங்கும் பெற்றோரோ ஆசிரியரோ பரிந்துரைத்த பிள்ளைகளைத்தான் சோதித்து வந்தார்கள். 2005இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும், மொழியறிவு தேவைப்படாத, வடிவங்களை வைத்தே யோசிக்கும் சோதனை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஏழைக் குடும்பங்களிலிருந்தும், கறுப்பினத்தவர், ஸ்பானிய வம்சாவளியினர் குடும்பங்களிலிருந்தும் மீத்திறன் திட்டத்துக்குத் தேர்வான பிள்ளைகள் பெருமளவு கூடினார்கள். பிறகு செலவைக் குறைக்க அந்தப் பொதுச் சோதனையை நிறுத்தியதும் எண்ணிக்கை மறுபடி இறங்கியது. பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான், தேடிய விதம்தான் மாறியது. எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், மலாயையும் ஆங்கிலத்தையும் பள்ளியில்தான் கற்கத் தொடங்குகிறார்கள். ஆகவே இங்கும் அப்படிப்பட்ட சோதனைதான் பொருந்தும்.

சரி, கண்டறிந்த பிறகு? நம் நாட்டில் 1996 முதல் 2000 வரை மூன்றாம் ஆண்டில் ஒரு தேர்வு வைத்து, தேறியவர்களை நேராக ஐந்தாம் ஆண்டுக்கு அனுப்பினார்கள். அதைத் திரும்பக் கொண்டுவரும்படி நாங்கள் கேட்கவில்லை. கணக்கில் வல்ல பிள்ளை எல்லாவற்றிலும் வல்லவனாக இருக்க வேண்டியதில்லை, வயதில் மூத்தவர்களோடு நாள் முழுக்க உட்கார்வதும் எளிதல்ல. கணக்குப் பாடத்துக்கு மட்டும் மேலாண்டு வகுப்பில் அமர அனுமதித்தால் போதும். அதோடு, வாரம் ஒரு பிற்பகல் இவ்வட்டாரப் பள்ளிகளின் மீத்திறன் பிள்ளைகள் ஒரே இடத்தில் கூடி, பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரோடு அறிவியலும் புதிர்க் கணக்கும் செய்ய வழி வேண்டும். சிறிய பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பேச ஆள் கிடைப்பதில்லை. தன்னைப்போல் இன்னொரு பிள்ளையைச் சந்திப்பதே அவனுக்குப் பெரிய உதவி. பல பள்ளிகளில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு என்று குறைநீக்கல் ஆசிரியர் இருக்கிறார். அதேபோல் முன்னே ஓடும் பிள்ளைகளுக்கும் வட்டாரத்துக்கு ஒருவரையாவது நியமிக்கக் கேட்கிறோம்.

சோதனை முடிவுகளைச் சபையில் வாசிக்க வேண்டாம், மேடையில் மாலையும் வேண்டாம். பெற்றோருக்கும் வகுப்பாசிரியருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். ஏழு, எட்டு வயதில் மேதை என்று பட்டம் சூட்டப்படும் பிள்ளை அதற்குப் பிறகு தவறு செய்யவே பயப்படும். பட்டியலில் வராத பிள்ளையும் தனக்கு மூளை இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

வாராந்தர வகுப்புக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் வேன் செலவில் ஒரு பங்கை நாங்கள் ஏற்கிறோம். இது, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். தோட்டங்களை விலைக்கு வாங்க 1960இல் அவர் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டத் தொழிலாளர்கள் பத்து பத்து வெள்ளியாகப் போட்டுப் பங்கு வாங்கினார்கள். எங்கள் பிள்ளைகளுக்காகச் சேர்த்துக் கொடுப்பது எங்களால் முடியும். சோதனையும் ஆசிரியரும்தான் எங்களால் ஆகாதவை, அவற்றைத்தான் இலாகாவிடம் கேட்கிறோம்.

அடுத்த கல்வித் தவணை தொடங்குமுன் எங்கள் பிரதிநிதிகளைச் சந்திக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம். இம்மனுவின் மலாய்ப் பிரதியும் பெற்றோர்களின் கையொப்பங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. நகல் ஒன்றை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் அனுப்பியுள்ளோம்.

நன்றி.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்கள்