டேனியல் கோர்மியேவைக் கைவிடாதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

எல்லோரும் என்றால், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து லாஃபயெட் நகரில் ஒரு சிறுவனை மல்யுத்தத்துக்கு அனுப்பிவைத்தவர்கள் முதல், கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் முப்பது வயதுக்காரனாக வந்து நின்றவரை, மல்யுத்தமும் குத்தும் உதையும் கலந்த கூண்டுச் சண்டைக்குப் பழக்கியவர்கள் வரை. அந்தச் சிறுவன்தான் கூண்டுச் சண்டை வீரர் டேனியல் கோர்மியே. தன் பங்கு நன்றியை அவரே சொல்லிக்கொள்வார். இது அவருடைய சண்டைகளைப் பார்த்துப் பார்த்து வயது கூடிய ஒரு ரசிகனின் பங்கு. இதை உங்களில் யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரியும். பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

அம்மாவுக்கும் வளர்ப்புத் தந்தைக்கும் முதல் வணக்கம். 1986இல் பெற்ற தந்தை சுட்டுக் கொல்லப்பட்டபோது டேனியலுக்கு ஏழு வயது. அந்த வீட்டிலிருந்து மாநிலப் பள்ளி மல்யுத்தப் பட்டத்தை மூன்று முறை வென்ற பையன் வந்தான் என்றால், அதற்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் கான்சஸில் கோல்பி என்ற சிறிய கல்லூரி. அங்கிருந்து ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம், பயிற்சியாளர் ஜான் ஸ்மித். 1988லும் 1992லும் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஸ்மித் அவர்களே, எதிராளியின் ஒற்றைக் காலைத் தாழ்வாகப் பாய்ந்து பிடிக்கும் உங்கள் பிடி உலகப் புகழ் பெற்றது. உங்கள் சீடர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அவர் தொடையோடு சேர்த்து அணைத்து ஆளையே தலைக்கு மேல் தூக்கிப் போடுவார். ஆனால் பிடித்த பிடியை விடாத அந்தப் பிடிவாதம் உங்கள் கூடத்துச் சரக்குதான்.

இந்த வரிசையில் கேல் சாண்டர்சன் பெயரைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கலாம். ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக 159 போட்டிகளில் ஒன்றுகூடத் தோற்காத மனிதர் அவர். 2001இல் தேசியக் கல்லூரி இறுதிப் போட்டியில், 184 பவுண்டு பிரிவில், கோர்மியே அவரிடம்தான் தோற்றார். அதற்கு முன்பும் தோற்றிருந்தார். தோற்றவர் மறுபடி மறுபடி எதிரே போய் நின்றார், அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பின்னால் கூண்டுக்குள் அவருக்கு வந்த அடிகளுக்கெல்லாம் ஒத்திகை உங்களிடம்தான் நடந்தது, சாண்டர்சன் அவர்களே.

2003இல் அவர் தன் கைக்குழந்தையைச் சாலை விபத்தில் பறிகொடுத்தார். அடுத்த ஆண்டே ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இறங்கி நான்காம் இடம் பிடித்தார். அந்த ஓராண்டில் அவர் கூட இருந்தவர்கள் யாரோ, அவர்களைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

2008 பெய்ஜிங் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்க மல்யுத்த அணியின் தலைவர் அவர். 96 கிலோவுக்குள் வர உடம்பிலிருந்த தண்ணீரையெல்லாம் வியர்வையாக வடித்ததில் சிறுநீரகம் செயலிழந்து, ஒரு போட்டிகூட ஆடாமல் மருத்துவமனைக்குப் போனார். அவரைக் காப்பாற்றிய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நன்றி. எடை இறக்கும் இந்தப் பழக்கத்தை வீரம் என்று பேசுபவர்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. கல்லூரி மல்யுத்தத்தில் 1997இல் சில வாரங்களுக்குள் மூன்று மாணவர்கள் இதனாலேயே இறந்த பிறகுதான் விதிகள் கடுமையாயின.

சரி, சான் ஹோசேக்கு வருகிறேன். அமெரிக்கன் கிக்பாக்ஸிங் அகாடமி என்ற பயிற்சிக்கூடத்தின் பயிற்சியாளர்கள் ஜாவியர் மெண்டஸ், பாப் குக், அங்கே கூடப் பயின்ற வீரர் கெயின் வெலாஸ்கெஸ், உங்கள் மூவருக்கும்தான் இந்த மடலில் பெரிய பங்கு. 2009இல் ஒலிம்பிக் கனவு கலைந்து வந்தவருக்கு மல்யுத்தத்தைத் தவிர வேறெதுவும் கைவசம் இல்லை. நல்ல மல்யுத்தக்காரனுக்கு ஒரு வசதி உண்டு: சண்டை நின்று நடக்குமா, தரையில் நடக்குமா என்பதை அவன் முடிவு செய்வான். ஆனால் முகத்தில் குத்து விழும்போது கண்ணை மூடாமல் இருக்க, கல்லூரி மல்யுத்தம் கற்றுத்தராது. அதை நீங்கள் கற்றுக்கொடுத்தீர்கள். 2012 மேயில் அதே சான் ஹோசேயில் ஜாஷ் பார்னெட்டைத் தூக்கிப் போட்டு ஸ்ட்ரைக்ஃபோர்ஸ் என்ற கூண்டுச் சண்டை நிறுவனத்தின் ஹெவிவெயிட், அதாவது அதிக எடைப் பிரிவு, கிராண்ட் பிரீயை அவர் வென்றார். அந்தப் போட்டித் தொடரில் அவர் மாற்று ஆளாக உள்ளே வந்தவர் என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள்.

கெயின், யு.எஃப்.சி. என்ற பெரிய கூண்டுச் சண்டை நிறுவனத்தில் அப்போது ஹெவிவெயிட் சாம்பியன் நீங்கள். நண்பனோடு மோத மாட்டேன் என்று அவர் 205 பவுண்டு பிரிவுக்கு இறங்கினார், சிறுநீரகம் அத்தனை பாடுபட்ட பிறகும். அப்படி ஒருவரை இறங்க வைக்கும் நட்புக்கு என்ன சொல்வது? 2015இல் ஆண்டனி ஜான்சனின் கழுத்தைப் பின்னாலிருந்து பூட்டி அவர் அந்தப் பிரிவின் யு.எஃப்.சி. பட்டத்தை வென்றதில் பாதி உங்களுடையது.

2017இல் பஃபலோவில் எடை பார்க்கும்போது மறைப்புக்குப் பிடித்த துண்டில் கை வைத்தாரே (அதில் ஊன்றினால் தராசு எடையைக் குறைத்துக் காட்டும்), அந்தத் துண்டைப் பிடித்தவர்களுக்கும் நன்றி சொல்லவா? ஒரு பவுண்டுக்கு மேல் கூடுதலாக இருந்தவர் சில நிமிடங்களில் சரியான எடைக்கு வந்துவிட்டார். ரசிகனாக இருந்தும் எனக்குச் சிரிப்புதான் வந்தது, பெருமை வரவில்லை.

அதே 205 பவுண்டு பிரிவில் மோதிய ஜான் ஜோன்ஸுக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை. முதல் சண்டையில் நேராக வென்றார், ஒப்புக்கொள்கிறேன். 2017இல் நடந்த இரண்டாவது சண்டையிலும் அவர்தான் வென்றார், ஆனால் ஊக்கமருந்துப் பரிசோதனையில் அவர் சிக்கிய பின் அது முடிவில்லாததாக அறிவிக்கப்பட்டது. அன்று கூண்டுக்குள் அழுத கோர்மியேவை எப்படித் தேற்றினீர்களோ, மெண்டஸ் அவர்களே, மறு ஆண்டே அவரை ஹெவிவெயிட் சாம்பியன் ஸ்டீப்பே மியோசிச்சின் முன் நிறுத்தினீர்கள்.

2018 ஜூலை, லாஸ் வேகஸ். எதிராளி ஐந்து அங்குலம் உயரம் கூடியவர். இருவரும் கட்டிப்பிடித்துத் திமிறுகிறார்கள். பிடி விலகும் அந்தக் கணத்தில், மியோசிச்சின் கை கீழே இருக்கும்போது, கோர்மியேவின் வலது கை பாய்கிறது. முதல் சுற்றிலேயே முடிந்தது. எல்லோரும் அதைக் குத்து என்றார்கள். எனக்கு அதில் மல்யுத்தம்தான் தெரிந்தது: பிடிக்குள் கையை எங்கே வைப்பது, எப்போது விடுவது என்பது கல்லூரிக் கூடத்தில் படித்த பாடம். நான் போட்ட கத்தலில் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். இரண்டு பிரிவுப் பட்டங்களும் ஒரே சமயத்தில் அவர் கையில்.

அவர்களுக்குள் நடந்த அடுத்த இரண்டு சண்டைகளையும் மியோசிச் வென்றார். 2020 ஆகஸ்டில், பார்வையாளர் இல்லாத அரங்கில், ஒரு கண் சரியாகத் தெரியாமல் ஐந்து சுற்றும் முடித்துவிட்டு கோர்மியே விடைபெற்றார்.

இன்னும் ஒரு நன்றி பாக்கி. கில்ராய் உயர்நிலைப் பள்ளிக்காரர்களே, அவர் சண்டையிட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே உங்கள் மல்யுத்த அணியை நம்பி ஒப்படைத்தீர்கள். போட்டி நாள்களில் மூலையில் உட்கார்ந்து அவர் போடும் கூச்சலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சி வர்ணனையிலும் அவர் அப்படித்தான்.

அன்புடன்,
ஒரு ரசிகன்