கால்கரியில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

நலமா? "இந்த ஊர்ல குளிரைத் தவிர என்னம்மா இருக்கு" என்று நீ போனில் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. கால்கரிக்கு மேற்கே பேட்டர்சன் ஹைட்ஸ் என்ற மேட்டில் ஒரு பெரிய செங்கல் வீடு இருக்கிறது. நானும் உன் மாமாவும் பள்ளிக்கூட நாளில் ட்ரம்ப் கார்டு வைத்துச் சண்டை போட்டோமே, அந்த மல்யுத்த வீரர்களில் எனக்குப் பிடித்தவர்கள் எல்லோரும் அந்த வீட்டு நிலவறையில் பழகியவர்கள்தான்.

வீட்டுக்காரர் ஸ்டூ ஹார்ட். சிறுவயதில் ஆல்பர்ட்டா குளிரில் குடும்பத்தோடு கூடாரத்தில் வாழ்ந்தவர். 1948-இல் சொந்தமாக மல்யுத்தப் போட்டிகள் நடத்த ஆரம்பித்தார். அதுதான் பின்னால் ஸ்டாம்பீட் ரெஸ்லிங் என்ற மல்யுத்த நிறுவனம் ஆனது. 1951-இல் இந்த வீட்டை வாங்கினார். மனைவி ஹெலன், எட்டு ஆண், நான்கு பெண் என்று பன்னிரண்டு பிள்ளைகள். கீழ்த்தளத்தில் தாழ்வான கூரையும் தரை விரிப்பும் கொண்ட ஒரு அறை. நான் சொன்ன நிலவறை அதுதான், டஞ்சன் என்று பெயர். புதிதாக வரும் பையனை ஸ்டூ பிடித்துப் போட்டு, கழுத்தையும் மூட்டுகளையும் முறுக்கி அலற விடுவார். அலறல் மாடிவரை கேட்குமாம். கொடுமைதான், அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

ஆனால் அங்கிருந்து ஸ்டூவின் மகன் பிரெட் ஹார்ட் வந்தார். யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி வைத்ததுதானே என்பாய். சரி, ஆனால் விழுவது நிஜம். எதிராளியின் கழுத்து உன் கையில் இருப்பதும் நிஜம். எங்கே அமுக்கினால் முறியும் என்று தன் உடம்பிலேயே பட்டுத் தெரிந்தவனுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும். தன்னோடு மோதிய யாருக்கும் தன்னால் பெரிய காயம் பட்டதில்லை என்று பிரெட் பெருமையாகச் சொல்வார். அவரை நான் முதலிடத்தில் வைப்பது அதற்காகத்தான்.

1992 ஆகஸ்டில் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் சுமார் 80,000 பேர் முன்னால் அவரும் டேவி பாய் ஸ்மித்தும் மோதினார்கள். டேவி, பிரெட்டின் தங்கை டயானாவின் கணவர். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே டேவிக்குப் பேசி வைத்ததெல்லாம் மறந்துபோனதாம், பிரெட்டே பின்னாளில் சொன்னது. அடுத்த பிடி என்ன என்று காதோடு சொல்லிச் சொல்லியே ஆட்டத்தை நடத்தி, பட்டத்தையும் மச்சானிடம் விட்டுக்கொடுத்தார். பார்ப்பவர்களுக்குத் துளியும் தெரியாது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத ஆட்டம் அது. அதே வருஷம் அக்டோபரில், தன் அப்பா ஸ்டூ பிறந்த சாஸ்கட்டூனிலேயே ரிக் ஃபிளேரை வென்று உலக சாம்பியன் ஆனார்.

மாமாவுக்கு பிரெட்டின் தம்பி ஓவன்தான் உயிர். பன்னிரண்டில் கடைக்குட்டி. 1994-இல் ரெஸில்மேனியா என்ற பெரிய வருடாந்தரப் போட்டி மேடையில் அண்ணன் பிரெட்டையே தோற்கடித்தபோது மாமா போட்ட கூச்சல் தெரு முழுக்கக் கேட்டது. 1999 மே 23 அன்று கான்சாஸ் சிட்டியில், அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கிவரும் ஒரு காட்சிக்காக ஓவனைத் தொங்கவிட்டார்கள். பிடிப்பு கழன்று விழுந்து இறந்துபோனார். வயது 34. அவர் கற்ற வித்தைக்கும் அந்தச் சாவுக்கும் சம்பந்தமே இல்லை, கண்ணு. இன்றும் எனக்கு ஆறாத கோபம் அது.

கிறிஸ் ஜெரிகோ என்ற வீரரையும் டஞ்சன் ஆள் என்று மாமா அடித்துச் சொல்வார், நம்பாதே. ஹார்ட் சகோதரர்கள் பெயரில் கால்கரிக்குத் தெற்கே ஓகோடோக்ஸில் நடந்த பள்ளியில் 1990-இல் பயின்றவர் அவர். கிறிஸ் பென்வா அந்த நிலவறைக்காரன்தான். ஆனால் 2007-இல் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்றவனை என் பட்டியலில் சேர்க்க மாட்டேன்.

உனக்குப் பிடிக்கப்போவது நடால்யாவாகத்தான் இருக்கும். ஸ்டூவின் பேத்தி, அவர் மருமகன் ஜிம் நைட்ஹார்ட்டின் மகள். ஆண்களே அலறிய அந்த அறையில் மாமன்மார்களிடம் கற்றுக்கொண்டு சாம்பியன் ஆனவள். அவளும் கணவர் டிஜே வில்சனும் இப்போது புளோரிடாவில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அப்புறம், உன் ஊரிலேயே இருக்கும் சேடில்டோம் அரங்கத்துக்கும் ஒருமுறை போய் வா. 1997 ஜூலை 6 அன்று பிரெட், ஓவன், டேவி, நைட்ஹார்ட், பிரையன் பில்மன் ஐந்து பேரும் அங்கே ஒரே அணியாக நின்றார்கள். ஸ்டூவும் ஹெலனும் முன்வரிசையில். மற்ற ஊர்களில் கைதட்டல் வாங்கிய எதிரணி ஸ்டீவ் ஆஸ்டினைக் கால்கரி கத்தியே விரட்டியது. அந்த ஐவரில் இன்று பிரெட் மட்டும்தான் இருக்கிறார். பக்கத்தில் புது அரங்கம் கட்டுகிறார்கள், இது போய்விடும் என்கிறார்கள், தள்ளிப்போடாதே.

ஹார்ட் வீடு கைமாறிவிட்டது. வாசலில் போய் மணி அடிக்காமல் தெருவிலிருந்தே பார்த்துவிட்டு வா. மாமாவுக்கும் ஒரு படம் அனுப்பு. ஜெரிகோ விஷயத்தை நீயே அவரிடம் சொல்லிவிடு, நான் சொன்னால் கேட்கமாட்டார்.

அன்புடன்,
அம்மா