ரேம் விலையும் சீனச் சில்லும்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். காந்திபுரம் கடையில் பல ஆண்டுகளாகக் கணினி அசெம்பிள் செய்துகொள்ளும் டிடிபி நிலையத்தார், ஆடிட்டர் அலுவலகத்தார், கணினியில் கேட் (CAD) வரைபடம் போடும் பட்டறைக்காரர்கள், கல்லூரி மாணவர்கள் என எல்லோருக்கும் ரேம் விலை ஏறிய கதை தெரியும். அதை மட்டும் விளக்குவதாக இருந்தால் இந்த மடலுக்குத் தேவையே இருந்திருக்காது. கல்லாவில் நின்றபடி சொல்லி முடித்திருப்போம். ஆனால் சில வாரங்களாக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஸ்கிரீன்ஷாட் சுற்றி வருகிறது. எங்களிடம் வாங்கிய டிடிஆர்4 (முந்தைய தலைமுறை) ரேம் ஒன்றை, கணினிப் பாகங்களின் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் பார்த்து, சில்லைத் தயாரித்தவர் என்ற இடத்தில் சிஎக்ஸ்எம்டி என்ற சீன நிறுவனத்தின் பெயர் வருவதைச் சிவப்பு வட்டமிட்டு, "கொரியச் சரக்கின் விலையை வாங்கிக்கொண்டு சீனப் போலியைத் தலையில் கட்டுகிறார்கள்" என்று அதன் கீழே எழுதியிருக்கிறார்கள். விலை அதிகம் என்று யார் கடிந்துகொண்டாலும் வாங்கிக்கொள்ளலாம். போலி விற்கிறோம் என்று சொன்னால் அதற்குப் பதில் சொல்லாமல் கடையைத் திறந்து வைத்திருப்பது கடினம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறோம். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பிராண்டும் உள்ளே பலகையில் அமர்ந்திருக்கும் சில்லின் தயாரிப்பாளரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. திருப்பூரில் பனியன் தைத்து லேபிள் ஒட்டுகிறவர் நூலைத் தாமே நூற்பதில்லையல்லவா, அதுபோலத்தான் இதுவும். உலகறிந்த கிங்ஸ்டன்கூட மெமரி சில்லு தயாரிப்பதில்லை. சில்லு ஆலைகளிடம் வாங்கி, பலகையில் பொருத்தி, சோதித்து விற்கிறது. ஒரே பிராண்டின் ஒரே மாடல் எண்ணிலேயே ஒரு லாட்டில் சாம்சங் சில்லும் அடுத்த லாட்டில் வேறொருவர் சில்லும் வருவது இந்தத் தொழிலில் புதிதல்ல. எங்கள் பில்லில் பிராண்டையும் கொள்ளளவையும் வேகத்தையும் குறிப்பிடுகிறோம். அந்த மூன்றும் ஸ்கிரீன்ஷாட்டில் சரியாகவே இருக்கின்றன என்பதை அதைப் பரப்பியவர்களும் பார்த்திருக்கலாம். போலி என்பது வேறு. பழைய மடிக்கணினிகளிலிருந்து கழற்றிய சில்லுகளைப் புதுப் பலகையில் ஒட்டி, மேலே ஒரு வெப்பத்தகட்டை மூடி, புதியதென்று விற்பதற்குப் பெயர்தான் போலி. அப்படிப்பட்ட சரக்கு சந்தையில் உண்டு. எங்கள் அலமாரியில் இல்லை.

சிஎக்ஸ்எம்டி யார் என்று தெரியாததால்தான் இவ்வளவு கோபம் என்று நினைக்கிறோம். சாங்ஷின் மெமரி டெக்னாலஜிஸ் என்பது அதன் முழுப்பெயர். சீனாவின் அன்ஹுய் மாகாணத் தலைநகரான ஹேஃபெய் நகரில் 2016இல் தொடங்கப்பட்டது. அந்த நகர நிர்வாகத்துக்கு முன் அனுபவம் உண்டு. 2008இல் பிஓஇ நிறுவனத்தின் திரை ஆலைக்குத் தன் பணத்தைப் போட்டுப் பலன் கண்ட நகரம் அது. மெமரி ஆலைக்கும் அதே வழியில் அரசுப் பணம் வந்தது. பொறுப்பை ஏற்றவர், கிகாடிவைஸ் என்ற சில்லு வடிவமைப்பு நிறுவனத்தைத் தொடங்கிய ஜு யிமிங். 2019 செப்டம்பரில் 19 நானோமீட்டர் அளவிலான டிடிஆர்4 சில்லுகளின் உற்பத்தியை அறிவித்தார்கள். கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான் ஆகிய மூவருமே உலக டிரேம் (ரேமில் இருக்கும் மெமரி சில்லு) சந்தையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் வைத்திருந்த காலம் அது. ஜப்பானின் எல்பிடா 2012இல் திவாலாகி மைக்ரானின் கைக்குப் போன பிறகு, இந்தத் தொழிலில் புதிதாக ஒருவர் நுழைந்து நிலைப்பார் என்று எங்களைப் போன்ற வியாபாரிகள் எதிர்பார்க்கவே இல்லை.

திருட்டுத் தொழில்நுட்பம் என்று ஒரு வாடிக்கையாளர் நேரிலேயே கேட்டார். அந்தக் கேள்வியை நாங்கள் ஒதுக்கவில்லை. தங்கள் சில்லுக்கு அடித்தளமாக அமைந்தது ஜெர்மனியின் கிமோண்டா என்ற மெமரி நிறுவனத்தின் தொழில்நுட்பம் என்பது சிஎக்ஸ்எம்டியே வெளிப்படையாகச் சொன்னது. இன்ஃபினியானிலிருந்து 2006இல் பிரிந்த கிமோண்டா, 2009 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. அது விட்டுச்சென்ற ஆவணங்களையும், கைமாறிய காப்புரிமைகளுக்கான உரிமத்தையும் சிஎக்ஸ்எம்டி முறையாகப் பெற்றது. இதன் அருமை புரிய வேண்டுமானால் ஃபூஜியான் ஜின்ஹுவாவின் கதையைப் பார்க்க வேண்டும். அதே காலத்தில் டிரேம் தயாரிக்கக் கிளம்பிய அந்தச் சீன நிறுவனத்தின் மீது மைக்ரானின் ரகசியங்களைத் திருடியதாக வழக்கு வந்தது. 2018 அக்டோபரில் அமெரிக்கா அதைத் தடைப்பட்டியலில் சேர்த்ததும் இயந்திரங்கள் வருவது நின்று, தொழிலே முடங்கியது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க நீதிமன்றம் அதைக் குற்றமற்றது என்று விடுவித்தபோது சந்தை வெகுதூரம் போயிருந்தது. அதே சமயம், சாம்சங்கின் முன்னாள் ஊழியர்கள் சிஎக்ஸ்எம்டிக்குத் தொழில்நுட்பத்தைக் கொண்டுபோனதாகத் தென்கொரிய அரசு வழக்குத் தொடர்ந்ததும், ஒருவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதும் உண்மை. அதையும் மறைக்காமல் சொல்கிறோம். அந்த வழக்கைத் தீர்க்கும் இடத்தில் நாங்கள் இல்லை. ஆனால் அதை வைத்து, முறையான இறக்குமதிப் பில்லோடும் 18 சதவீத ஜிஎஸ்டியோடும் வந்த பொருளைப் போலி என்பது நியாயமில்லை.

தரத்தைப் பற்றியும் நேராகவே சொல்லலாம். 18 நானோமீட்டர் அல்லது அதற்கும் நுண்ணிய டிரேம் தயாரிக்கும் கருவிகளைச் சீனாவுக்கு விற்க 2022 அக்டோபரில் அமெரிக்கா கட்டுப்பாடு விதித்தது. இயுவி எனப்படும் மிக நுண்ணிய அச்சு இயந்திரங்களும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. அந்த நிலையிலும் 2023 நவம்பரில் கைப்பேசிக்கான எல்பிடிடிஆர்5 சில்லை வெளியிட்டார்கள். 2024 இறுதியில் சீனக் கடைகளில் அவர்களது சில்லோடு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 ரேம்கள் வந்துவிட்டன. 2025 நவம்பரில் டிடிஆர்5-8000 வேகத்தைக் காட்சிக்கு வைத்தார்கள். கொரியர்களைவிடத் தொழில்நுட்பத்தில் பின்தங்கியிருப்பது மெய்தான். அந்த இடைவெளி, டாலி போடும் கணினிக்கோ பேஜ்மேக்கர் ஓடும் கணினிக்கோ தெரியப்போவதில்லை. பெட்டியில் வேகம் 3200 என்றால், மெமரிக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலைப்படி 3200இல் ஓட வேண்டும், ஓடுகிறது. ஓவர்கிளாக் செய்து, அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டி, விளையாடும் தம்பிகள் மட்டும் வாங்கும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், உங்களுக்கு வேறு ரேம் ஸ்டிக் பரிந்துரைப்போம்.

அப்படியானால் சீனச் சில்லுக்கு ஏன் கொரிய விலை என்ற கேள்வி மிஞ்சுகிறது. எங்களையும் உறுத்துகிற கேள்விதான் இது. செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கான எச்பிஎம் என்ற அதிவேக மெமரி, அதே கொள்ளளவுள்ள டிடிஆர்5ஐப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கான் தகட்டை விழுங்குகிறது. லாபம் அங்கே இருப்பதால் பெரிய மூவரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். டிடிஆர்4ஐ நிறுத்தப்போவதாக அறிவிப்புகள் வந்ததும் 2025 நடுவில் பழைய டிடிஆர்4 புதிய டிடிஆர்5ஐவிட விலை கூடிய விந்தையையும் பார்த்தோம். டிசம்பரில் மைக்ரான், நம் எல்லோருக்கும் பழகிய குரூஷியல் சில்லறை வியாபாரத்திலிருந்தே விலகுவதாகச் சொல்லிவிட்டது. சீன நிறுவனம் வந்தால் விலை இறங்கும் என்று நாங்களும் நம்பினோம். ஒரு காலம்வரை இறங்கவும் செய்தது. ஆனால் அவர்களும் டிடிஆர்5க்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். உற்பத்தியில் பெரும்பகுதி ஷியோமி போன்ற அந்நாட்டு வாடிக்கையாளர்களுக்கே தேவைப்படுகிறது. ஷாங்ஹாய் பங்குச்சந்தையில் 2,950 கோடி யுவான் திரட்ட விண்ணப்பித்த ஒரு நிறுவனம், ஊரெல்லாம் விலை ஏறும்போது தான் மட்டும் குறைத்து விற்காது. சென்னை ரிச்சி தெரு டீலர் காலையில் சொல்லும் விலை மாலையில் இருப்பதில்லை. பதுக்கி வைத்து விற்கிறோம் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம்: பதுக்கும் அளவுக்கு முதல் இருந்தால் இந்நேரம் சொந்தக் கட்டடத்தில் இருந்திருப்போம்.

கொரியச் சில்லுதான் வேண்டும் என்பவர்கள் முன்னதாகச் சொன்னால், டீலரிடம் லாட் எண்ணைக் கேட்டுப் பார்க்கிறோம். கிடைக்கும் என்று உறுதி தர முடியாது. இனி எந்த ரேமையும் உங்கள் கண் முன்னே சிபியு-இசட்டில் காட்டி, சில்லுத் தயாரிப்பாளரின் பெயரையும் பில்லில் எழுதித் தருவோம். கொட்டேஷன் அன்று மாலைவரை மட்டுமே செல்லும், முன்பணம் கொடுத்தவர்களுக்கும் பொருள் வரும் நாளின் விலையே பொருந்தும், புதிய ஸ்டிக்குகளுக்கு வாழ்நாள் வாரண்டிக்குப் பதில் மூன்று ஆண்டு வாரண்டி என்பவற்றையும் இங்கேயே குறிப்பிட்டுவிடுகிறோம்.

ஸ்கிரீன்ஷாட் பரவிய அன்றே தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள், என்ன நடந்தது என்று சொல்லுங்கள்" என்று கேட்ட பழைய வாடிக்கையாளர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பென்டியம் காலத்தில் எங்களிடம் முதல் கணினி வாங்கி, இன்று தம் பிள்ளைகளை லேப்டாப் வாங்க அனுப்பி வைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. இந்த மடல் முதன்மையாக அவர்களுக்குத்தான். சந்தேகம் தீராதவர்கள் ரேமையும் பில்லையும் எடுத்துக்கொண்டு ஞாயிறு தவிர எந்த நாளும் மாலை நான்கு மணிக்கு மேல் வாருங்கள். ரேமில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஓட்டிக் காட்டுகிறோம். பிழை வந்தால் அங்கேயே மாற்றித் தருகிறோம், சோதனைக்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
காந்திபுரம், கோயம்புத்தூர்