போட்ட முதல் ஐந்தாண்டில் திரும்பினால் செய்தே ஆக வேண்டும்: இந்த விதி நம் டேனரிகளுக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பிய நாடுகளின் ஆற்றல் சிக்கனச் சட்டங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "அதெல்லாம் குளிர் நாட்டுச் சமாச்சாரம், சுவருக்குக் கம்பளி போர்த்துகிற வேலை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூருக்கு அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிடுகிறார்கள். சுவரைப் பொறுத்தவரை அது பாதி நியாயம். ஆனால் அந்தச் சட்டங்களில் மோட்டார், பம்பு, கம்ப்ரசர், பாய்லர் ஆகியவற்றுக்கும் பெரிய இடம் உண்டு. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பழைய வட ஆற்காடு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் டேனரிகளுக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைகளுக்கு, அது நேரடியாகப் பொருந்தும். அதிலும் ஒரு விதியை நம் மாவட்டங்களில் உடனே கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

அது நெதர்லாந்து விதி. ஆண்டுக்கு 50,000 யூனிட் மின்சாரமோ 25,000 கன மீட்டர் எரிவாயுவோ செலவழிக்கும் நிறுவனம், போட்ட பணம் 5 ஆண்டுக்குள் மிச்சத்திலேயே திரும்பிவிடும் என்றால், அந்தச் சிக்கன வேலையைச் செய்தே ஆக வேண்டும். விருப்பம் இருந்தால் செய்யலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. 50,000 யூனிட் என்பது மாதத்துக்கு ஏறத்தாழ 4,200 யூனிட். நம் பக்கத்து நடுத்தர டேனரி ஒன்று இதைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். எரிவாயுக் கணக்கை நன்றாகக் காய்ந்த விறகுக்கு மாற்றினால் ஆண்டுக்குச் சுமார் 55 டன் வரும்.

இந்த விதி 1990-களிலிருந்தே அவர்களின் சுற்றுச்சூழல் சட்டத்தில் இருக்கிறது. இருந்தும் பல ஆண்டுகள் பெரும்பாலும் காகிதத்திலேயே கிடந்தது. எந்த ஆலை என்ன செய்தது என்று உள்ளாட்சிகளுக்குத் தெரியவில்லை, கேட்கவும் ஆளில்லை. 2019 ஜூலையில்தான் நிலைமை மாறியது. செய்த வேலை எது, செய்யாதது எது என்று நிறுவனமே அரசிடம் அறிக்கை கொடுக்க வேண்டும் என்று அப்போது ஆக்கினார்கள். கூடவே, துறை வாரியாக எந்தெந்த வேலை 5 ஆண்டுக்குள் பணத்தைத் திருப்பும் என்ற பட்டியலையும் அரசே வெளியிட்டது. முதலாளி உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதில்லை. பட்டியலில் உள்ளதைச் செய்தால் போதும். எங்கள் பார்வையில் அந்தச் சட்டத்தின் உயிர் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் புதுப்பித்த ஆற்றல் சிக்கன ஆணை வேறொரு அளவு வைத்திருக்கிறது. எல்லா எரிபொருளும் சேர்த்து ஆண்டுக்கு 10 டெராஜூல், அதாவது சுமார் 27.8 லட்சம் யூனிட்டுக்குச் சமமான ஆற்றலைத் தாண்டினால் 4 ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை கட்டாயம். 85 டெராஜூலைத் தாண்டினால் நிரந்தர ஆற்றல் மேலாண்மை முறையே வேண்டும். நம் நாட்டில் 2001-ன் ஆற்றல் சேமிப்புச் சட்டமும், ஆலைகளுக்கு ஆற்றல் குறைப்பு இலக்கு வைக்க 2012-ல் தொடங்கிய பாட் (PAT) திட்டமும் சிமெண்ட், உருக்கு, உரம், காகிதம் போன்ற பெரிய ஆலைகளைத்தான் குறிவைக்கின்றன. சிறு டேனரி இரண்டு வலைக்கும் அடியில் நழுவிவிடுகிறது. நெதர்லாந்தின் 50,000 யூனிட் கோடுதான் நமக்குச் சரியான உயரம்.

பட்டியலில் முதலில் வர வேண்டியது மோட்டார். ஐரோப்பாவில் 2021 ஜூலையிலிருந்து 0.75 கிலோவாட் முதல் 1,000 கிலோவாட் வரையிலான புதிய மோட்டார்கள் பெரும்பாலும் ஐஇ3 என்ற திறன் தரத்துக்குக் (எண் கூடக் கூட மின் இழப்பு குறைவு) குறையக் கூடாது. 2023 ஜூலையிலிருந்து 75 முதல் 200 கிலோவாட் வரை ஐஇ4. நம் ஊரிலோ, எரிந்த மோட்டாரைக் காயில் கட்டிக் கட்டியே இருபது வருடம் ஓட்டுகிறோம். காயில் கட்டுவது தப்பில்லை, கட்டும் விதத்தில்தான் கோளாறு. பழைய கம்பியை எடுக்க ஸ்டேட்டரில் (மோட்டாரின் சுழலாத பகுதியில்) நேரே தீ வைக்கும்போது தகடுகளுக்கு இடையே உள்ள இன்சுலேஷன் பூச்சு கருகிவிடும். பிறகு இரும்புக்குள்ளேயே மின்சாரம் சுழன்று சூடாகி வீணாகும். கம்பியின் தடிமனைக் குறைத்தாலும் சுற்றைக் குறைத்தாலும் இழப்பு இன்னும் ஏறும். மோட்டார் எரியும் முன்பே ஒருமுறையும், கடையிலிருந்து வாங்கிய பின் ஒருமுறையும் பாரமில்லாமல் ஓடவிட்டு மூன்று பேஸிலும் ஆம்பியர் எடுத்து எழுதி வைத்தால் இது தெரிந்துவிடும். ஆம்பியர் கூடியிருந்தால் சுற்று குறைந்திருக்கிறது, அல்லது கோர் (இரும்புத் தகட்டு அடுக்கு) கெட்டிருக்கிறது.

ஒரு கணக்கு. ட்ரையரில் பெல்ட் வழியாக விசிறியைச் சுற்றும் 15 எச்.பி. மோட்டார், அதாவது 11 கிலோவாட். முக்கால் பாரத்தில் நாளைக்கு 20 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடுகிறது. பலமுறை காயில் கட்டிய பழைய மோட்டாரின் திறன் 85 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மின்கம்பியிலிருந்து அது இழுப்பது 9.7 கிலோவாட். 91.4 விழுக்காடு திறனுள்ள ஐஇ3 மோட்டார் அதே வேலைக்கு 9.03 கிலோவாட் இழுக்கும். ஆண்டுக்கு மிச்சம் சுமார் 4,080 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 32,600 ரூபாய். மோட்டாருக்கு 60,000 ரூபாய் போட்டாலும் இரண்டு ஆண்டுக்குள் கை வந்து சேரும்.

இங்கேதான் பலர் ஏமாந்து, 'ஐஇ3 எல்லாம் சும்மா' என்று சொல்லிவிடுகிறார்கள். திறன் கூடிய மோட்டாரில் ஸ்லிப் (முழு வேகத்துக்குப் பின்தங்கும் அளவு) குறைவு. பழையது நிமிடத்துக்கு 1,440 சுற்று என்றால் புதியது 1,465 சுற்றும். விசிறிக்கும் சென்ட்ரிபியூகல் பம்புக்கும் தேவைப்படும் சக்தி வேகத்தின் கனமாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறும் என்பதால், இந்த 25 சுற்றுக்கே பாரம் 5 விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடுகிறது. 4,080 யூனிட் கிடைக்க வேண்டிய இடத்தில் 1,200 யூனிட்தான் மிஞ்சும். போட்ட முதல் திரும்ப ஆறு ஆண்டுக்கு மேலாகும், வேலை ஐந்தாண்டு விதிக்கு வெளியே போய்விடும். இதற்கு மருந்து மோட்டார் பக்கத்துப் புல்லிதான். 150 மி.மீ. புல்லி இருந்த இடத்தில் 147.5 மி.மீ. புல்லி கடைந்து போட்டால் விசிறி பழைய வேகத்துக்கு வந்துவிடும். ஆகவே பட்டியலில் 'ஐஇ3 மோட்டார்' என்று மட்டும் எழுதினால் போதாது, 'வேகம் சரிபார்த்து, புல்லி மாற்றி' என்றும் சேர்க்க வேண்டும். ஐஇ3 மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் ஆம்பியரும் கூடுதலாக இருக்கலாம். பழைய பிரேக்கர் ட்ரிப் ஆனால் மோட்டாரைக் குறை சொல்லாமல் பிரேக்கரின் செட்டிங்கைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது கம்ப்ரசர். ஃபினிஷிங் பகுதியில் ஸ்ப்ரே செய்யும் ஆலை எதிலும் காற்றுக் கசிவு இல்லாமல் இருக்காது. 7 பார் அழுத்தத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று இருந்தால் கம்ப்ரசர் சுமார் 3 கிலோவாட்டை அதற்கென்றே செலவழிக்கும். சோதிக்கக் கருவி வேண்டாம், கைக்கடிகாரம் போதும். வேலை முடிந்து காற்று எடுக்கும் எல்லா மெஷினும் நின்ற பிறகு கம்ப்ரசரை ஓடவிடுங்கள். லோடு ஆகும் (காற்றை அழுத்தும்) நேரம் 2 நிமிடம், அன்லோடு ஆகும் (சும்மா ஓடும்) நேரம் 6 நிமிடம் என்றால், 8 நிமிடத்தில் 2 நிமிடம், அதாவது அதன் திறனில் 25 விழுக்காடு கசிவுக்கே போகிறது. ஹோஸ் கிளாம்பு, கப்ளிங், தண்ணீர் வடியும் டிரெயின் வால்வு ஆகிய மூன்றையும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் பெரும்பாலான கசிவு அகப்பட்டுவிடும்.

விறகுக்கு ஒரு பத்தியாவது வேண்டும். 40 விழுக்காடு ஈரமுள்ள விறகு கிலோவுக்குச் சுமார் 10 மெகாஜூல் கொடுக்கும். 20 விழுக்காட்டுக்குக் காய வைத்தால் 14-க்கு மேல். ஒரு கிலோவிலேயே இவ்வளவு வித்தியாசம். பாய்லருக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, முதலில் வந்த லோடை முதலில் எரிப்பது என்ற ஒழுங்கும் பட்டியலில் ஏறத் தகுந்தது. டேனரிக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் மிச்சம் உண்டு: காற்றூட்டும் தொட்டியின் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருந்தால் போதும். 4, 5 என்று போனால் காற்றடிக்கும் புளோயர் வீணாகச் சுற்றுகிறது என்று பொருள்.

ஐரோப்பா சறுக்கிய இடங்களையும் சொல்ல வேண்டும். இத்தாலி 2020-ல் வீடு புதுப்பிக்கும் செலவில் 110 விழுக்காட்டை வரிக்கழிவாகத் திருப்பித் தருவதாக அறிவித்தது. செலவுக்கு மேலேயே பணம் வரும்போது யார் பேரம் பேசுவார்கள்? கூலியும் சாமான் விலையும் ஏறின, மோசடி பெருகியது, அரசுக்கு 10,000 கோடி யூரோவுக்கு மேல் செலவானது. பிரிட்டன் 2013-ல் கொண்டுவந்த பசுமைக் கடன் திட்டம் எதிர்ப்பக்கம் சறுக்கியது. மின் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டும் கடன் அது. வட்டி 7 விழுக்காட்டுக்கு மேல் இருந்ததால் மக்கள் சீந்தவில்லை, 2015-ல் நிறுத்திவிட்டார்கள். மானியம் தேவைதான், ஆனால் செலவில் ஒரு பங்கை ஆலைக்காரர் கையிலிருந்து போட வேண்டும். அப்போதுதான் புல்லியைப் போய்ப் பார்ப்பார்.

விவசாய பம்புசெட்டுக்கு ஐந்தாண்டு விதி உதவாது. 1990 முதல் தமிழக விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசம். நல்ல பம்பு போட்டால் மிச்சமாவது மின் கழகத்தின் பணம், விவசாயிக்குத் திரும்ப எதுவுமில்லை. அவர்மேல் இதில் துளியும் குற்றமில்லை. இந்த முடிச்சை அவிழ்க்கவும் ஐரோப்பாவில் வழி இருக்கிறது. இத்தாலி 2005-லும் பிரான்ஸ் 2006-லும் சிக்கனம் செய்யும் பொறுப்பை மின்சாரமும் எரிவாயுவும் வழங்கும் நிறுவனங்கள்மேல் போட்டன. வாடிக்கையாளரிடத்தில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் மிச்சப்படுத்திக் காட்டு, இல்லையென்றால் மிச்சப்படுத்தியவரிடம் சான்றிதழ் வாங்கு, அதுவும் இல்லையென்றால் அபராதம் கட்டு என்பது ஏற்பாடு. இலவச மின்சாரத்தின் சுமை எங்கே விழுகிறதோ அங்கேயே கடமையும் விழட்டும். இலவசத்தில் கை வைக்காமலே செய்யக்கூடியது இது. ஆனால் பம்பை இலவசமாக மாற்றிக் கொடுப்பவர்கள் கிணற்றின் நீர்மட்டத்தைக் கோடையிலும் மழைக்குப் பிறகும் அளந்து, அந்த ஆழத்துக்கேற்ற ஸ்டேஜ் (நீரை மேலே தள்ளும் அடுக்கு) உள்ள பம்பைக் கொடுக்க வேண்டும். ஒரே மாடலை மொத்தமாக வாங்கி எல்லா ஆழ்துளைக் கிணற்றிலும் இறக்கினால் நட்சத்திர முத்திரை இருந்தும் பயன் இருக்காது.

வீடுகளைப் பற்றிச் சுருக்கமாக. பிரான்ஸில் 2025 ஜனவரியிலிருந்து ஆற்றல் தரத்தில் கடைசி வகுப்பான 'ஜி' வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடக் கூடாது. 2028-ல் 'எஃப்' வகுப்புக்கும் அதே தடை. வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி வாடகை வீடுகளிலும் இதே சிக்கல்தான். ஃபேன் மாட்டுவது வீட்டுக்காரர், பில் கட்டுவது குடித்தனக்காரர். 75 வாட் ஃபேன் இருக்கிற இடத்தில் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்ட வீட்டுக்காரருக்கு என்ன அவசியம்? சுவருக்குப் போர்வை நமக்கு வேண்டாம், மொட்டை மாடிக்குத்தான் வேண்டும். 2018-ன் மத்திய அரசு வீட்டுக் கட்டட விதி கூரை வழியாக வெப்பம் கடக்கும் அளவை, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்தில் 1.2 வாட்டுக்குள் வைக்கச் சொல்கிறது. வெறும் கான்கிரீட் தளத்துக்கு அது 3-க்கு மேல். கட்டட அனுமதி கொடுக்கும்போதே இதைப் பார்த்துவிட்டால், மேல்மாடிக்காரர்கள் இரவு பதினொரு மணிக்கும் அனல் அடிக்கும் தளத்தின் கீழே படுக்க வேண்டியிருக்காது.

தமிழ்நாட்டில் ஆற்றல் சேமிப்புச் சட்டத்துக்குப் பொறுப்பான மின் ஆய்வுத் துறையும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களின் தொழில் மையங்களும் சேர்ந்து டேனரிக்கென்று ஒரு பட்டியல் போடலாம். பத்துப் பன்னிரண்டு வேலை இருந்தால் போதும். ஆண்டுக்கு ஒருமுறை ஆலை கொடுக்க வேண்டிய அறிக்கையும் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மோட்டாரின் எண், எச்.பி., எத்தனை முறை காயில் கட்டியது, பாரமில்லாத ஆம்பியர், புல்லி அளவு, கம்ப்ரசரின் லோடு–அன்லோடு நிமிடம், விறகு டன், மொத்த யூனிட். இவ்வளவையும் ஆலை எலக்ட்ரீஷியனும் பாய்லர்காரரும் ஒரே நாளில் எழுதித் தந்துவிடலாம்.

இப்படிக்கு,
ஆற்றல் தணிக்கைப் பணியில் உள்ள பொறியாளர்கள் சிலர்,
வேலூர் – ராணிப்பேட்டை